இறந்த உடல் நம் ஊர் வெயிலில் எவ்வளவு நேரம் தாங்கும், மண்ணுக்குள் என்ன ஆகிறது?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மே மாதத்தில் எங்கள் அத்தை வீட்டிலேயே இறந்தார். துபாயிலிருந்து மகன் வரும்வரை ஒன்றரை நாள் வைத்திருந்தோம். ஃப்ரீசர் பெட்டி கிடைக்கவே அரை நாள் ஆகிவிட்டது. மறுநாள் காலையில் வயிறு உப்பி, முகம் அடையாளம் மாறிவிட்டது. மூன்று நான்கு நாள் கழித்துத்தான் அப்படி ஆகும் என்று படித்தேன். நாங்கள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையா? புதைத்த உடல் மக்க எத்தனை ஆண்டு ஆகும்? குளிப்பாட்டியவர்களுக்கு நோய் வருமா?"

முதலில் உங்கள் மனத்தில் இருக்கும் பாரத்தை இறக்கி வையுங்கள். நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. நீங்கள் படித்த கணக்கு குளிர்நாடுகளில் எழுதப்பட்டது. லண்டனில் நான்காம் நாள் தெரியும் மாற்றம் கடலூரில் அக்னி நட்சத்திரத்தில் இரண்டாம் நாள் காலையிலேயே தெரியும். புதுச்சேரியில் பல ஆண்டுகள் தடயவியல் மருத்துவம் கற்பித்தவன் என்ற முறையில், நம் கடற்கரை வெயிலுக்கும் ஈரத்துக்கும் பொருந்துகிற கணக்கை இங்கே எழுதுகிறேன். துக்க வீட்டில் யாரும் வெளிப்படையாகப் பேசாத விஷயம் இது. பேசாததாலேயே பல குடும்பங்கள் உங்களைப் போல வீண் குற்ற உணர்வைச் சுமக்கின்றன.

இதயம் நின்றதும் உடல் முழுவதும் ஒரே நொடியில் இறந்துவிடுவதில்லை. மூளைச் செல்கள் சில நிமிடங்களில் அழிகின்றன. தோலும் தசையும் இன்னும் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். ஆக்சிஜன் வரத்து நின்ற செல்லுக்குள் அமிலம் சேர்கிறது. ஒவ்வொரு செல்லிலும் கழிவுகளைச் செரிக்கும் நொதிகளை அடைத்துவைத்த நுண்பைகள் உண்டு. பெல்ஜிய அறிவியலாளர் கிறிஸ்டியன் டி டூவ் 1955இல் இவற்றை அறிவித்தார். 1974இல் நோபல் பரிசும் பெற்றார். இறந்த செல்லில் அந்தப் பைகளின் சவ்வு கிழிந்து, நொதிகள் வெளியே கசிந்து, செல் தன்னைத்தானே செரித்துக்கொள்கிறது. செரிமான நொதிகள் நிறைந்த கணையம் இதில் முந்திக்கொள்ளும். இந்தக் கட்டத்தில் கிருமிக்கு வேலையே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அடுத்தது உடல் சூடு. உயிரோடு இருக்கும்போது 37 டிகிரி செல்சியஸ். குளிர்நாட்டில் இறந்த உடல் மணிக்கு ஏறக்குறைய 1 டிகிரி வீதம் குளிரும். நம் நாட்டில் அரை டிகிரி அளவுக்குத்தான் குறையும். மே மாத நண்பகலில் அறைக்குள்ளேயே 37, 38 டிகிரி இருந்தால் உடல் குளிர்வதே இல்லை. உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இதிலேயே அடங்கியிருக்கிறது. உடலை அழுகச் செய்யும் பாக்டீரியாக்கள் ஏறக்குறைய 21 முதல் 38 டிகிரி வரையிலான சூட்டில்தான் செழிக்கும். கடலூரிலும் புதுச்சேரியிலும் மார்கழி இரவுகூட அந்த எல்லைக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. ஆண்டு முழுவதும் நம் காற்றே அவற்றுக்குச் சாதகமானது.

சூடு குறையும்போதே இரத்தமும் கீழே இறங்குகிறது. மல்லாந்து கிடத்திய உடலில் முதுகு, பிட்டம், தொடையின் பின்புறம் ஆகிய இடங்களில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் செம்மையும் நீலமும் கலந்த திட்டுகள் தோன்றும். சில மணி நேரத்தில் அவை ஒன்றுசேர்ந்து பரவி, ஆறு முதல் எட்டு மணி நேர அளவில் அந்த இடத்திலேயே நிலைத்துவிடும். குளிப்பாட்டும்போது இதைப் பார்த்து "யாரோ அடித்திருக்கிறார்கள்" என்று சந்தேகப்பட்டுக் காவல் நிலையம்வரை போன குடும்பங்கள் உண்டு. தரையில் அழுந்திய இடங்களான தோள்பட்டை, பிட்டத்தின் நடுப்பகுதி போன்றவை மட்டும் வெளிறி இருந்தால் அந்தத் திட்டுகள் அடிபட்ட தழும்புகள் ஆகா. அந்த வெளிறல், இரத்தம் அங்கே இறங்க இடமில்லாமல் போனதன் அடையாளம். ஆனால் திட்டுகள் பளிச்சென்ற இளஞ்சிவப்பாக இருந்தால் மருத்துவர் அக்கறையோடு பார்ப்பார். மூடிய அறையில் ஜெனரேட்டர் புகையிலோ கரியடுப்புப் புகையிலோ கார்பன் மோனாக்சைடால் இறந்தவர்களின் நிறம் அது.

பிறகு விறைப்பு. தசை சுருங்குவதற்கும் ஆற்றல் வேண்டும், சுருங்கிய பின் தளர்வதற்கும் ஆற்றல் வேண்டும். ஆற்றல் தீர்ந்ததும் தசையின் இழைகள் ஒன்றையொன்று பற்றிய நிலையிலேயே பூட்டிக்கொள்கின்றன. நம் ஊரில் இது ஒன்றிரண்டு மணி நேரத்தில் தொடங்கிவிடும். முதலில் கண்ணிமை, அடுத்து தாடை, கழுத்து, பிறகு கை, கடைசியில் கால். கோடையில் 18 முதல் 36 மணி நேரத்திலும், குளிர்காலத்தில் 24 முதல் 48 மணி நேரத்திலும் விட்டுப்போகும். தசை மறுபடி தளர்வது உயிர் திரும்பும் அறிகுறி என்று சிலர் நினைத்து அலறுவார்கள். தசைப்புரதமே சிதையத் தொடங்கியதால் பூட்டு கழன்றிருக்கிறது, அவ்வளவுதான்.

நம் வீட்டுப் பெரியவர்கள் மூச்சு நின்றதும் செய்யும் காரியங்களை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். கண்ணை மூடி, வெள்ளைத் துணியால் தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் முடிந்து வாய்க்கட்டுக் கட்டுவார்கள். கைகால்களை நேராக நீட்டிவிட்டு, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார்கள். விறைப்பு முதலில் பிடிக்கும் இடங்கள் இமையும் தாடையும்தான் என்பதைப் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டவர்களின் வேலை இது. அந்த முதல் ஒரு மணி நேரத்தில் கட்டினால்தான் முகம் உறங்குவதுபோல அமைதியாக நிற்கும். தாமதித்துவிட்டு, திறந்த வாயை வலுவாக அழுத்தி மூட முயலாதீர்கள். விறைப்பு விடும்வரை அது மூடாது, உதடுதான் கிழியும்.

கண் தானம் செய்ய விரும்பினால் அதற்கான நேரமும் இதுதான். கருவிழியை இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். இமைகளை மூடி, மேலே சுத்தமான ஈரப் பஞ்சை வைத்து, தலைக்கு ஒரு தலையணை கொடுத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, கண் வங்கிக்குச் சொல்லுங்கள். இமை திறந்தபடி விசிறிக் காற்றில் கிடந்தால் சில மணி நேரத்தில் விழி வெண்படலத்தில் பழுப்புப் பட்டை விழுந்துவிடும். கருவிழியும் உலர்ந்து மங்கும்.

இனி உங்கள் அத்தையின் வயிற்றுக்கு வருகிறேன். நம் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. உயிர் இருக்கும்வரை குடல் சுவரும் நோய் எதிர்ப்புச் செல்களும் அவற்றை எல்லைக்குள் நிறுத்திவைக்கின்றன. காவல் போனதும் அவை சுவரைத் தாண்டி இரத்தக் குழாய்கள் வழியே உடல் முழுதும் பரவுகின்றன. அழுகலின் முதல் வெளி அடையாளம் பெரும்பாலும் அடிவயிற்றின் வலப்பக்கத்தில் தோன்றும் பச்சை நிறத் திட்டு. பெருங்குடல் தொடங்கும் இடம் அங்கேதான் தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. பாக்டீரியாக்களும் அங்கே மிகுதி. அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு, இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு சேர்ந்து அந்தப் பச்சையைத் தருகிறது. நம் நாட்டுக் கோடையில் இது 12 முதல் 18 மணி நேரத்தில் தெரியும். குளிர்காலத்தில் ஒன்றிரண்டு நாள் ஆகும். அரை நாள் அறை வெப்பத்தில் இருந்த உடலில், பெட்டிக்குள் வைப்பதற்கு முன்பே இந்தக் கட்டம் தொடங்கியிருக்கும்.

அதன் பிறகு வேகம் கூடும். ஹைட்ரஜன் சல்பைடு, அமோனியா, மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு முதலிய வாயுக்கள் சேர்ந்து வயிற்றை உப்பவைக்கும். வயிற்றின் அழுத்தம் நுரையீரலை மேலே தள்ள, மூக்கிலும் வாயிலும் செந்நிற நுரைத் திரவம் வடியும். அதை இரத்த வாந்தி என்றும் விஷம் என்றும் பலர் தவறாக எண்ணுவதுண்டு. கன்னமும் உதடும் இமையும் தளர்வான திசுக்கள் என்பதால் வாயு அங்கே எளிதாகப் புகுந்துவிடும். அதனால்தான் முகம் இவ்வளவு சீக்கிரம் அடையாளம் மாறுகிறது. 36 முதல் 48 மணி நேர அளவில் தோலின் அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் பசுமை கலந்த பழுப்பு நிறத்தில் கிளை கிளையாகத் தெரியும். அந்த நாற்றத்துக்குக் காரணமான பொருள்களில் இரண்டை, புட்ரெசின், கடாவரின் என்பவற்றை, 1880களிலேயே பெர்லின் மருத்துவர் லுட்விக் பிரீகர் பிரித்தெடுத்துக் காட்டினார். புரதம் சிதையும்போது அமினோ அமிலங்களிலிருந்து பிறப்பவை அவை.

தோல் கழலும் கட்டத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அடையாளம் காண்பதற்கு அது உதவுகிறது. மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் இடையே நீர் கோத்துக் கொப்புளங்கள் எழும். தொட்டாலே தோல் நழுவும். கை மணிக்கட்டுக்குக் கீழே தோல் முழுதாக, நகங்களோடு சேர்ந்து, கழற்றிப்போட்ட கையுறையைப் போல வந்துவிடுவதுண்டு. கைரேகை நிபுணர் அதைக் கழுவி, ரப்பர் உறை அணிந்த தன் விரலின் மேல் மாட்டிக்கொண்டு, மை தொட்டு ரேகை எடுப்பார். மேல்தோல் போன பிறகும் அடித்தோலில் அதே ரேகை மங்கலாக இருக்கும். தண்ணீரில் நாள்கணக்கில் கிடந்த உடலுக்குக்கூட இப்படிப் பெயர் கிடைத்திருக்கிறது. இறந்த பிறகும் நகமும் முடியும் வளர்கின்றன என்ற பேச்சுக்கும் விடை இங்கேயே இருக்கிறது. எதுவும் வளர்வதில்லை. தோல் உலர்ந்து பின்வாங்குவதால், உள்ளே மறைந்திருந்த பகுதி வெளியே தெரிகிறது.

எல்லா உடலும் ஒரே வேகத்தில் போவதில்லை. பருத்த உடல், காய்ச்சலோடும் இரத்தத்தில் கிருமித் தொற்றோடும் இறந்த உடல், ஆறாத புண்ணோடு இறந்த நீரிழிவுக்காரரின் உடல் ஆகியவை மிக வேகமாகச் சிதையும். மெலிந்த முதியவரின் உடலும், இரத்தம் பெருமளவு வெளியேறி இறந்தவரின் உடலும் மெதுவாகப் போகும். பால் குடிக்காமலே இறந்த பச்சிளம் சிசுவின் குடலில் கிருமி இல்லாததால் அதுவும் மெதுவாகவே சிதையும். உறுப்புகளிலும் முந்துவது பிந்துவது உண்டு. குரல்வளை, இரைப்பை, குடல், கல்லீரல், மண்ணீரல் ஆகியவை முதலில் கெடும். இதயமும் சிறுநீரகமும் அதற்குப் பிறகு. கருவுறாத கருப்பையும் ஆணின் புராஸ்டேட் சுரப்பியும் கடைசிவரை நிற்கும். முகமும் மார்பும் அடையாளமற்றுப் போன உடல் ஆணா பெண்ணா என்று சொல்ல, பிரேதப் பரிசோதனையில் அவற்றைத் தேடுவோம்.

ஆகவே வெளிநாட்டிலிருந்து யாரேனும் வர வேண்டியிருந்தால் முதல் மூன்று நான்கு மணி நேரத்தில் எடுக்கும் முடிவே முக்கியம். ஃப்ரீசர் பெட்டி சிதைவை மெதுவாக்குமே தவிர, நடந்ததைத் திருப்பாது. தோல் சில்லிட்டிருக்கும்போதும் வயிற்றின் உள்ளே பல மணி நேரம் சூடு தங்கியிருக்கும். தாமதமாக வைத்த உடல் பெட்டிக்குள்ளும் உப்புவதற்கு இதுவே காரணம். கனமான பட்டுப்புடவை, மெத்தை, கம்பளம் எல்லாம் சூட்டை உள்ளே பிடித்துவைக்கும். மெல்லிய துணி உடுத்தி, மாலைகளைப் பெட்டிக்கு வெளியே போடுங்கள். வருகிறவர்களுக்கெல்லாம் மூடியைத் திறந்து காட்டாதீர்கள். மின்சாரம் போனால் என்ன வழி என்று முன்பே கேட்டுவையுங்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் நம் இரு ஊர்களுக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை என்பதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். இரண்டு நாளுக்கு மேல் ஆகும் என்று உறுதியாகத் தெரிந்தால் மருத்துவமனைப் பிணவறையே சரியான இடம். அங்கே 2 முதல் 4 டிகிரியில் வைப்பார்கள்.

விமானத்தில் உடலை அனுப்புவதற்கு எம்பாமிங் செய்வார்கள். இரத்தக் குழாய் வழியாகப் பார்மலின் கலந்த கரைசலைச் செலுத்தினால் அது புரதங்களை இறுக்கி, நொதிகளையும் பாக்டீரியாக்களையும் ஒருசேர முடக்கிவிடும். சாவில் ஏதேனும் ஐயம் இருந்தால் பிரேதப் பரிசோதனைக்கு முன்பு அதைச் செய்யக் கூடாது. விஷத்தின் தடயங்கள் கெட்டுப்போகும். இஸ்லாமியர் வீடுகளில் குளிப்பாட்டி, கபன் என்னும் வெள்ளைத் துணியைச் சுற்றி அன்றைக்கே அடக்கம் செய்துவிடும் வழக்கம் நம் தட்பவெப்பத்துக்கு மிகவும் ஏற்றது என்பது என் கருத்து.

வெளியில் கிடக்கும் உடலில் ஈக்களின் கணக்கு தனி. பச்சையும் நீலமுமாக மினுங்கும் பெரிய ஈக்கள் சில நிமிடங்களிலேயே வந்து, கண், மூக்கு, வாய், காயம் ஆகிய ஈரமான இடங்களில் வெள்ளை வெள்ளையாக முட்டையிடும். 8 முதல் 24 மணி நேரத்தில் புழு வெளிவரும். நாலைந்து நாள் தின்று கொழுத்து, உடலை விட்டு விலகி மண்ணில் கூட்டுப்புழுவாகும். இன்னும் நாலைந்து நாளில் ஈயாகப் பறக்கும். புழுக்கள் திரளாக நெளியும் இடத்தில் அவற்றின் சொந்தச் சூடே சுற்றுப்புறத்தைவிடப் பல டிகிரி கூடுதலாக இருக்கும். இதை வைத்து இறந்த நாளைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். 13ஆம் நூற்றாண்டில் சீன நீதிபதி சோங் ஸி எழுதிவைத்த வழக்கு ஒன்று புகழ்பெற்றது. ஊராரின் அரிவாள்களைத் தரையில் பரப்பச் சொன்னபோது ஒரே ஓர் அரிவாளை மட்டும் ஈக்கள் மொய்த்தன. கழுவியும் போகாத இரத்தத்தின் சுவடு அதில் இருந்தது. அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் 1981 முதல் தானமாகக் கிடைத்த உடல்களைத் திறந்தவெளியில் வைத்து ஆராய்கிறார்கள். அங்கிருந்து வந்த தோராயக் கணக்கு ஒன்று உண்டு. 1285ஐ நாளின் சராசரி வெப்பத்தால் வகுத்தால், தரைமேல் கிடக்கும் உடல் எலும்பாவதற்கான நாள்கள் கிடைக்கும். 10 டிகிரியில் 128 நாள். புதுச்சேரியின் 28 டிகிரியில் 46 நாள். நாயும் நரியும் ஈயும் தாராளமாக வந்துபோகும் இடத்தில் அதற்கும் முன்பே முடிந்துவிடும்.

கடலில் மூழ்கியவர்களைப் பற்றிக் கடலூர் தேவனாம்பட்டினத்து மீனவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. உடல் முதலில் அடியில் போகும். வயிற்றில் வாயு சேர்ந்ததும் மேலே வந்து மிதந்து கரை ஒதுங்கும். வெதுவெதுப்பான வங்கக் கடலில் கோடையில் ஒரு நாளிலேயே மிதக்கும். குளிர்காலத்தில் இரண்டு மூன்று நாள் பிடிக்கும். தலை கீழே தொங்கியபடி மிதப்பதால் இரத்தம் அங்கே இறங்கி, முகமே முதலில் கறுத்துச் சிதையும். நண்டும் மீனும் இமை, உதடு, காது ஆகிய மென்மையான பகுதிகளைத் தின்னும். அதைப் பார்த்து "வெட்டிக் கொன்று கடலில் போட்டுவிட்டார்கள்" என்று பதறுவதற்கு முன் பரிசோதனை அறிக்கைக்குக் காத்திருங்கள்.

இப்போது மண்ணுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டு பெர்லின் மருத்துவர் காஸ்பர் சொன்ன ஒரு விகிதத்தை இன்றும் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம்: காற்றில் ஒரு வாரத்தில் நடப்பது தண்ணீரில் இரண்டு வாரத்திலும், மண்ணில் எட்டு வாரத்திலும் நடக்கும். ஆழமான குழிக்குள் ஈ வராது, காற்று குறைவு, வெயிலும் இறங்காது. அதனால்தான் இந்தத் தாமதம். பெட்டி இல்லாமல், வடிகால் உள்ள மணற்பாங்கான மண்ணில் புதைத்த உடல் நம் பகுதியில் ஓராண்டிலிருந்து சில ஆண்டுகளுக்குள் எலும்பாகிவிடும். தடித்த மரப்பெட்டியும், புதுச்சேரி உப்பளம் கல்லறைத் தோட்டத்தில் இருப்பவை போன்ற செங்கல் கட்டிய கல்லறையும் அதைப் பல ஆண்டு நீட்டிக்கும். செயற்கை இழைத் துணிகள் உடல் போன பிறகும் அப்படியே இருக்கும். மக்குவதற்குப் பருத்திதான் நல்லது.

கடலோரத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் குழிமட்டத்துக்கு ஏறிவிடும். களிமண் நிலத்தில் அந்த நீர் வடியாது. காற்றில்லாத ஈரத்தில் உடற்கொழுப்பு வெளிறிய மஞ்சள் நிற மெழுகாக மாறும். பிண மெழுகு என்று அதைச் சொல்லலாம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸின் இன்னசென்ட்ஸ் இடுகாட்டைத் தோண்டி அகற்றியபோது வேதியியலாளர் ஃபூர்க்ருவா இதை ஆராய்ந்து எழுதினார். குளிர்நாட்டில் மாதங்கள் பிடிக்கும் இந்த மாற்றம், வங்காளத்தின் புழுக்கத்தில் சில நாள்களிலேயே காணப்பட்டிருக்கிறது. மெழுகான உடல் பல்லாண்டு வடிவம் மாறாமல் இருக்கும். சில ஆண்டு கழித்து அதே குழியைத் திறந்தவர்கள் முகம் அப்படியே இருப்பதைக் கண்டு அஞ்சி ஓடியதற்கெல்லாம் பெரும்பாலும் இதுவே விளக்கம். பாவமும் இல்லை, சாபமும் இல்லை. அந்த இடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறது.

குழியில் உப்பு மூட்டை கொட்டினால் சீக்கிரம் மக்கும் என்று நம் பக்கம் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு பாக்டீரியாக்களை முடக்கும். கருவாடு கெடாமல் இருப்பதற்கும் அதுவே காரணம். சுண்ணாம்பும் உடலைக் கரைக்காது. நாற்றத்தைக் குறைக்கும், சிதைவைத் தாமதப்படுத்தும். 1552இல் சீனக் கரையோரத் தீவில் இறந்த புனித சவேரியாரை, எலும்புகளை விரைவில் எடுத்துச்செல்லலாம் என்று சுண்ணாம்பிட்டுத்தான் புதைத்தார்கள். சில மாதம் கழித்துத் தோண்டியபோது உடல் சிதையாமல் இருந்தது என்பது வரலாறு. அதை அருளாகக் காண்பவர்களின் நம்பிக்கையில் நான் குறுக்கிடவில்லை. சுண்ணாம்பு விரைவுபடுத்தும் என்ற எண்ணம் மட்டும் தவறு.

எலும்புக்கும் முடிவு உண்டு. அதன் புரதத்தைக் கிருமிகளும், கால்சியத்தை மண்ணின் அமிலமும் மெல்ல மெல்லக் கரைக்கின்றன. புதுச்சேரியை அடுத்த சுத்துக்கேணியில் பிரெஞ்சு தொல்லியலாளர் கசால் அகழ்ந்த பெருங்கற்கால ஈமத்தாழிகளை அறிந்தவர்களுக்குத் தெரியும், மட்கலமும் இரும்பும் மணிகளும் எலும்பைவிட நீண்ட காலம் நிற்கும் என்பது. பல்லின் மேற்பூச்சு நம் உடலில் மிகக் கடினமான பொருள். எல்லாம் போன பிறகும் பெரும்பாலும் பல் கிடைக்கும்.

கடலூர் மாவட்டத்தில் புதைப்பது, எரிப்பது என்ற இரண்டு மரபுகளும் அருகருகே வாழ்கின்றன. வடலூரில் வள்ளலார் இறந்தவரைச் சுடக் கூடாது, புதைக்கவே வேண்டும் என்று வற்புறுத்தினார். சன்மார்க்க அன்பர்கள் இன்றும் அப்படியே செய்கிறார்கள். விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றில் அஸ்தி கரைத்தால் காசியில் கரைத்த பயன் உண்டு என்று தொலைவிலிருந்தும் வருகிறார்கள். எரியூட்டினால், மண் ஆண்டுகளில் செய்வதை நெருப்பு சில மணி நேரத்தில் செய்துவிடுகிறது. மிஞ்சுவது இரண்டு மூன்று கிலோ எலும்புச் சாம்பல். சிதையில் பிணம் கையை மடக்கி எழ முயல்வதைப் பார்த்தவர்கள் இருக்கலாம். சூட்டில் தசைப்புரதம் உறைந்து சுருங்குகிறது. மடக்கும் தசைகள் நீட்டும் தசைகளைவிட வலுவானவை என்பதால் கையும் காலும் மடங்குகின்றன.

கடைசியாக நோய் பற்றிய கேள்வி. குளிப்பாட்டியவர்களுக்குப் பொதுவாக ஆபத்து இல்லை. அழுகலை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் நம் எல்லோருடைய குடலிலும் இன்றைக்கும் இருப்பவைதான். அந்த நாற்றம் நோயைப் பரப்பாது. காலரா, காசநோய், ஹெபடைட்டிஸ் பி, எச்ஐவி போன்ற தொற்றோடு இறந்தவரென்றால் கையுறை அணிந்து, கசியும் திரவங்கள் படாமல் பார்த்து, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். காலரா என்றால் குளோரின் கரைசலும் தேவை. மற்றபடி அத்தையைத் தொட்டுக் கும்பிட்டவர்கள் யாரும் அஞ்ச வேண்டாம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் 2004 டிசம்பர் 26 சுனாமி. அந்த ஞாயிறு காலை கடலூர் மாவட்டக் கரையில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொள்ளைநோய் பரவிவிடும் என்ற அச்சத்தில் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் உடல்கள் பெரிய பள்ளங்களில் ஒன்றாகப் புதைக்கப்பட்டன. இரவு பகல் பாராமல் அந்தப் பணியைச் செய்தவர்களின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது அதுதான். ஆனால் அந்த அச்சத்துக்கு அறிவியலில் இடமில்லை. வெள்ளத்திலும் அலையிலும் இறந்தவர்கள் நோயால் இறந்தவர்கள் அல்லர். உயிரோடு இருப்பவர்களின் குடிநீரும் கழிப்பிடமும்தான் கொள்ளைநோயைத் தீர்மானிக்கின்றன. அவசரத்தால் இழந்தது வேறு. தன் பிள்ளை எந்தக் குழியில் இருக்கிறது என்று தெரியாத தாய்மார்களை நம் கரையில் இன்னும் பார்க்கலாம். இறப்புச் சான்றிதழுக்கும் நிவாரணத்துக்கும் அவர்கள் அலைந்த அலைச்சல் தனிக் கதை.

2006இல் உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவை அமைப்புகளும் சேர்ந்து இதற்கென்றே ஒரு களக் கையேட்டை வெளியிட்டன. புயலும் வெள்ளமும் அடிக்கடி தாக்கும் நம் கடற்கரைக் கிராமங்களில் பஞ்சாயத்துக்கு ஒருவராவது அதன் நடைமுறையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உடல் கிடைத்ததும், முகம் உப்புவதற்கு முன்பே, நம் வெயிலில் என்றால் முதல் அரை நாளுக்குள், முகத்தையும் முழு உடலையும் படமெடுக்க வேண்டும். உடலுக்கும் படத்துக்கும் உடைமைக்கும் ஒரே எண்ணை நீர் படாத சீட்டில் எழுதிக் கட்ட வேண்டும். தாலி, கொலுசு, பச்சை குத்திய பெயர், அறுவைத் தழும்பு, பல் அமைப்பு எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். குளிர்பதன வசதி இல்லையென்றால் தற்காலிகமாகப் புதைப்பதே சிறந்த பாதுகாப்பு. மண்ணுக்குள் சிதைவு எவ்வளவு மெதுவாகும் என்று மேலே பார்த்தோம். 1.5 மீட்டர் ஆழத்தில், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், உடலுக்கு உடல் 0.4 மீட்டர் இடைவெளி விட்டு, குடிநீர் ஆதாரத்திலிருந்து 200 மீட்டர் தள்ளி, ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் அதே எண்ணைப் பொறித்து அடக்கம் செய்ய வேண்டும். சில மாதம் கழித்து ஒரு தந்தை வந்து கேட்டால், அந்த எண்ணை வைத்து உடலை எடுத்து, ஒரு பல்லிலிருந்தோ தொடை எலும்பிலிருந்தோ மரபணுச் சோதனை செய்து, இவர் உங்கள் மகன்தான் என்று ஒப்படைக்க முடியும்.